மானத்தின் பெயரால் பறிபோவதை மீட்பது சட்டமே

(தர்மபுரியில் மனித உரிமை நாளையொட்டிக் கல்லூரி மாணவர்கள் நடத்திய பட்டிமன்றம். தலைப்பு: மனித உரிமையைக் காப்பதில் விஞ்சி நிற்பது சட்டமா, அறவுணர்வா? ‘சட்டமே’ என்ற அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, தர்மபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

“மனசாட்சி உள்ளவனுக்குச் சட்டம் தேவையில்லை, மனசாட்சி இல்லாதவனுக்குச் சட்டம் போட்டும் பயனில்லை” என்று எதிரணித் தலைவர் சொன்னார். அரங்கம் கைதட்டியது. உரிமையைப் பறிக்கிறவர்கள் எல்லாம் மனசாட்சி இல்லாதவர்கள் என்று நம்பினால்தான் அந்தப் பேச்சு நிற்கும். நம் இரண்டு மாவட்டங்களையும் அறிந்தவர்கள் அதை நம்ப முடியாது ஐயா. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு வைகாசியில் முகூர்த்தம் பார்க்கிற அப்பா கொடுமைக்காரர் இல்லை. மகள் மேல் உயிரையே வைத்திருப்பவர். “காலம் கெட்டுக் கெடக்குது, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஊர்ல தலகாட்ட முடியுமா?” என்று அஞ்சுகிறவர். அவரிடம் இல்லாதது மனசாட்சியா? இல்லவே இல்லை. அந்த மனசாட்சிதான் நாள் குறிக்கச் சொல்கிறது.

என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். இங்கே உரிமைகள் பெரும்பாலும் அறத்தின் பெயரால்தான் பறிபோகின்றன. மானம் ஒரு பெயர். நன்றி இன்னொரு பெயர். ஊர்க்கட்டுப்பாடு மற்றொன்று. பறிப்பவன் தன்னை நல்லவன் என்று நம்பும் இடத்தில், அவன் நல்ல மனத்திடமே முறையிட்டு என்ன பயன்? அவனுக்கு வெளியே ஓர் அளவுகோல் வேண்டும். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்று எழுதி வைத்த சட்டம் அந்த அளவுகோல்.

அது செயல்படும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சட்டம் ஏட்டுச் சுரைக்காய் என்று எதிரணி சொல்வதற்குக் காரணம், அதை எடுத்துக் கையாளத் தெரியாததுதான்.

ஒரு குழந்தைத் திருமணம் நடக்கப்போவது தெரிகிறது. குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ இரவிலும் அழைக்கலாம், கட்டணம் இல்லை, அழைப்பவர் தன் பெயரைச் சொல்ல வேண்டியதும் இல்லை. ஆனால் “எங்க ஊர்ல ஒரு கல்யாணம் நடக்குது, வந்து நிறுத்துங்க” என்று சொல்லி வைத்துவிட்டால் அந்த அழைப்பு வீண். பெண்ணின் பெயர், படிக்கும் பள்ளி, வகுப்பு, அப்பா பெயர், ஊரும் அருகில் உள்ள அடையாளமும், முகூர்த்த நாள், நேரம், மண்டபமா கோயிலா மாப்பிள்ளை வீடா என்ற விவரம், இவ்வளவும் வேண்டும். பள்ளியும் வகுப்பும் மிக முக்கியம், ஏனென்றால் வயதை அங்கேதான் உறுதி செய்கிறார்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு வரிசையே கொடுத்திருக்கிறது. முதலில் பள்ளியின் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லையென்றால் உள்ளாட்சி அமைப்பு தந்த பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோதுதான் மருத்துவச் சோதனை. அந்த வரிசையில் ஆதார் இல்லை. கல்யாண வீட்டில் யாராவது ஆதார் அட்டையை நீட்டி “புள்ளைக்கு 19 ஆச்சு சார்” என்றால், வந்த அதிகாரி தலைமையாசிரியரிடம் சேர்க்கைப் பதிவேட்டைக் கேட்க வேண்டும்.

அடுத்து, தவறு நடக்கும் இடம். குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலரான மாவட்டச் சமூகநல அலுவலரின் ஆட்களும் போலீசும் வருகிறார்கள். பெற்றோரை உட்காரவைத்துப் பேசுகிறார்கள். “18 வயது ஆகும்வரை கல்யாணம் செய்ய மாட்டோம்” என்று எழுதி வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஊரும் நிம்மதியாகிறது. எதிரணி கொண்டாடுகிற மனமாற்றம் இதுதான். நமக்கோ இரண்டு மாநில எல்லை பக்கத்திலேயே இருக்கிறது. ஓசூரைத் தாண்டினால் கர்நாடகம், பர்கூரைத் தாண்டினால் ஆந்திரம். எழுதிக் கொடுத்த மை காய்வதற்குள் அக்கரையில் ஏதோ ஒரு கோயிலில் தாலி ஏறிவிடும். அந்தக் கடிதத்துக்குப் பின்னால் இருந்தது வாக்கு மட்டும்தான், நீதிமன்றம் இல்லை.

2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில் 13-ஆம் பிரிவு இருக்கிறது. தடுப்பு அலுவலர் மட்டுமல்ல, நேரடியாக விவரம் தெரிந்த யார் வேண்டுமானாலும் நீதித்துறை நடுவரிடம், அதாவது மாஜிஸ்திரேட்டிடம், போய்த் தடையாணை கேட்கலாம். அவசரமென்றால் எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு அனுப்பிக் காத்திருக்காமலே இடைக்காலத் தடை தரலாம். மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இதைவிடப் பெரிய பலன் 14-ஆம் பிரிவில் இருக்கிறது. தடையாணையை மீறி நடந்த திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. எந்த மாநிலத்துக் கோயிலில் நடந்திருந்தாலும் செல்லாது. தடையாணை இல்லாமல் நடந்துவிட்ட திருமணம் பொதுவாகத் தானாகச் செல்லாமல் போகாது. அந்தப் பெண்ணே வழக்குப் போட்டு ரத்து செய்ய வேண்டும், அதையும் 20 வயது முடிவதற்குள் செய்ய வேண்டும். 17 வயதில் கையில் குழந்தையோடு இருப்பவளிடம் எத்தனை பேர் இதைச் சொல்லியிருக்கிறோம்? பெற்றோர் எழுதிக் கொடுக்கும் உறுதிக் கடிதத்துக்கும் தடையாணைக்கும் உள்ள இந்த வித்தியாசம், ஒரு பெண்ணின் வாழ்நாள் முழுவதும் நீள்கிற வித்தியாசம்.

திருமணம் நின்ற பிறகு அவள் அதே வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டுமா? திருமண ஆபத்தில் இருக்கும் குழந்தை, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்று 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. மீட்கப்பட்டால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். வீட்டுக்கு அனுப்புவதா, விடுதியில் சேர்ப்பதா என்று குழு முடிவு செய்யும். நம் பக்கம் இது வெறும் சடங்கு இல்லை. கட்டட வேலைக்குப் பெங்களூர் போகிற பெற்றோர், வயதுக்கு வந்த பெண்ணைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தப் பயம்தான் பாதிக் கல்யாணங்களுக்கு விதை. அறிவுரை சொல்லும் பெரியவர் அந்தப் பயத்துக்கு என்ன தருவார்? விடுதியில் ஓர் இடம் தர அவரால் ஆகாது. அரசின் உத்தரவால் ஆகும்.

மானத்தைச் சொன்னேன், இனி நன்றியைச் சொல்கிறேன்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கல் குவாரியும் செங்கல் சூளையும் உண்டு. அங்கெல்லாம் வேலைக்குச் சேரும்போது அட்வான்ஸ் என்று ஒரு தொகை கொடுப்பது வழக்கம். கல்யாணத்துக்கோ மருத்துவத்துக்கோ வாங்கிய பணம் அது. கூலியில் பிடித்துக்கொண்டே இருந்தாலும் கடன் குறைவதில்லை. கணக்கு நோட்டு முதலாளி கையில். வேறு வேலைக்குப் போக முடியாது, ஊருக்குப் போக வேண்டுமென்றால் வீட்டில் ஒருவரை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஏனப்பா போலீசுக்குப் போகவில்லை என்று கேட்டால் வரும் பதிலைக் கவனியுங்கள்: “ஆபத்துக்கு ஒதவுன மனுசன், வாங்குன காச குடுக்காம ஓடுனா அது துரோகமில்லையா?” அவரைக் கட்டியிருப்பது சங்கிலி இல்லை ஐயா. அவருடைய நேர்மை அவரைக் கட்டியிருக்கிறது. எதிரணி போற்றுகிற அதே அறவுணர்வு! நேர்மையானவர் என்பதாலேயே அவர் அடிமையாக இருக்கிறார்.

1976-இல் வந்த கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இந்த முடிச்சை ஒரே வெட்டில் அறுக்கிறது. கொத்தடிமைக் கடன் தீர்ந்தது, திருப்பித் தர வேண்டியதில்லை என்கிறது 6-ஆம் பிரிவு. தீர்ந்த கடனுக்கு மறுபடி பணம் வாங்கினால் வாங்கியவருக்குச் சிறை. 15-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால் போதும், இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் முதலாளி. எழுதப் படிக்கத் தெரியாதவர், கணக்கு நோட்டை எழுதியவருக்கு எதிராக எதையும் நிரூபிக்க முடியாது என்று தெரிந்துதான் பாரத்தை இடம் மாற்றி வைத்தார்கள். மனித இயல்பை எவ்வளவு கூர்ந்து பார்த்து எழுதிய பிரிவு இது!

இங்கேயும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஆய்வுக்கு வரும் அதிகாரி, “கூலித் தகராறுதான், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்” என்று பஸ் ஏற்றிவிட்டால் எல்லாம் போச்சு. கொத்தடிமையிலிருந்து விடுவிக்கப்பட்டவர் என்ற விடுதலைச் சான்றிதழ் கையில் இல்லாமல் மறுவாழ்வு உதவி எதுவும் வராது. உடனடி நிவாரணம் 30,000 ரூபாய் வரை உண்டு. அது வழக்கு முடியக் காத்திருக்காது. முழு மறுவாழ்வுத் தொகை ஆணுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம். அது வழக்கின் முடிவோடு கட்டுண்டது. ஆகவே அங்கிருந்து வண்டி ஏறுவதற்கு முன்பே கோட்டாட்சியரிடம் ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாகச் சான்றிதழ் கேட்க வேண்டும். குடும்பத்துக்கு ஒன்று என்று வாங்கினால் பெண்ணின் உழைப்பு கணக்கிலேயே வராது.

மூன்றாவது, கட்டுப்பாடு. இதற்கு அதிக நேரம் எடுக்க மாட்டேன். தோட்ட வேலைக்கு வந்த பட்டியலினப் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் தேநீர் ஊற்றிய செய்தி 2024 பிப்ரவரியில் நம் தர்மபுரி மாவட்டத்திலிருந்துதான் வந்தது. இப்படிச் செய்கிறவர்களைக் கேட்டால் “காலங்காலமா இருக்கற வழக்கந்தானே” என்பார்கள். வழக்கத்துக்கு மனம் உறுத்துவதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிந்த பிறகுதான் அது குற்றம் என்றே ஊர் பேசியது.

எதிரணியின் பலமான வாதத்துக்கு வருகிறேன். “வாச்சாத்தியை மறந்துவிட்டீர்களா? சட்டத்தின் சீருடை போட்டவர்களே செய்த கொடுமை அது” என்று முதல் பேச்சாளர் கேட்டார். மறக்கவில்லை. மறக்கவும் கூடாது. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை பதுக்கல் என்று சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அரூர் வட்டத்து மலையடிவாரக் கிராமத்துக்குள் நுழைந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அத்தனை பேரில் ஒருவருடைய மனசாட்சி கூடவா விழிக்கவில்லை? சக ஊழியரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதும் அவர்களுக்குள் ஓர் அறமாக இருந்ததே! அந்த அறம் ஆண்டுக்கணக்கில் உண்மையை மூடி வைத்தது.

மூடியைத் திறந்தது எது? மலைவாழ் மக்கள் சங்கமும் இடதுசாரி இயக்கத்தினரும் நீதிமன்றம் ஏறினார்கள். 1995-இல் உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். வழக்கு நடக்கும்போதே 54 பேர் இறந்துவிட, மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்புச் சொன்னது வேறெந்த ஊருமில்லை, நம் தர்மபுரி நீதிமன்றம். அதில் 17 பேர் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றம் உறுதியானது. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி, வாச்சாத்திக்கே நேரில் வந்து பார்த்துவிட்டு, 2023 செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு, அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றார்.

முப்பத்தொரு ஆண்டு. இந்தத் தாமதத்தை நான் நியாயப்படுத்த மாட்டேன். நீதிக்குக் காத்திருந்தே கிழவியான பெண்கள் முன்னால் அப்படிப் பேச எனக்கு வாய் வராது. அந்தப் பெண்களின் துணிவுதானே வென்றது, அது அறவுணர்வுதானே என்று எதிரணி கேட்கலாம். துணிவு அவர்களுடையதுதான். ஆனால் அந்தத் துணிவு நின்று பேச ஓர் இடம் வேண்டியிருந்தது. காட்டில் விறகு பொறுக்குகிற பெண், துறையின் பெரிய அதிகாரியைக் கைநீட்டி “இவன்தான்” என்று சொல்ல, இந்த நாட்டில் சாட்சிக் கூண்டைத் தவிர வேறு இடம் எது?

இன்னொரு குறையையும் மறைக்காமல் சொல்கிறேன். 18 வயது ஆகாத பெண் கர்ப்பமாக இருந்தால், அது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் வரும். மருத்துவமனை போலீசுக்குத் தகவல் தர வேண்டும். கணவன் கைதாவான் என்ற பயத்தில் பல குடும்பங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போவதில்லை, அல்லது வயதைக் கூட்டிச் சொல்கிறார்கள். இரத்தசோகையோடு இருக்கும் பதினேழு வயதுப் பிள்ளை இரும்புச்சத்து மாத்திரை கூட இல்லாமல் வீட்டில் கிடக்கிறாள். சட்டத்தின் நோக்கம் இதுவல்ல, விளைவு இதுதான். சிகிச்சையை எந்த நிலையிலும் மறுக்கக் கூடாது என்பதை ஒவ்வொரு செவிலியரும் ஊருக்குள் உரக்கச் சொல்ல வேண்டும். தண்டனையை விடத் தடுப்புக்கு முதலிடம் வேண்டும் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே வழிகாட்டியிருக்கிறது. தடையாணைப் பிரிவை நான் இவ்வளவு நேரம் பேசியதும் அதனால்தான். அது தாலிக்கு முன்னால் வருவது, யாரையும் சிறைக்கு அனுப்பத் தேவையில்லாமல் போவது.

காசில்லாதவருக்குச் சட்டம் ஏது என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். அந்த உதவியைக் கேட்க எண் 15100. மனித உரிமை ஆணையத்துக்கு மனு எழுதக் கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் வேண்டாம். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் எழுத வேண்டும். பெயர் இல்லாத மனுவும், சம்பவத் தேதி இல்லாமல் வேதனையை மட்டும் கொட்டிய மனுவும் நிற்காது. எங்கே, எப்போது, யார், என்ன செய்தார் என்று எழுதினால் போதும்.

நடுவர் ஐயா, மணி அடித்துவிட்டது. எனக்குப் பின் பேச வரும் எதிரணித் தோழி ஒரே ஒரு கேள்விக்கு விடை சொல்லட்டும். நாளைக் காலை முகூர்த்தம். அப்பா, அம்மா, மாமன், ஊர்ப்பெரியவர்கள் எல்லோரும் நல்ல மனத்தோடு வாசலில் பந்தல் போட்டிருக்கிறார்கள். இரவு 9 மணி. அந்தப் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு யாருக்கும் தெரியாமல் ஒரு போன் கிடைக்கிறது. அவள் யாரை அழைக்க வேண்டும்?