பிறகுதான் தெரியும்

நேயர்களுக்கு வணக்கம். ஆண்டவர் நம்மோடு இருக்கிறார் என்று ஞாயிறு ஆராதனையில் சொல்லிவிடுகிறோம். திங்கள் காலை காட்பாடி ஜங்ஷனில் ரயிலுக்கு ஓடும்போதோ, ஆஸ்பத்திரியில் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும்போதோ அது தெரிவதில்லை. அதற்காக விசுவாசம் குறைந்துவிட்டதென்று கலங்காதீர்கள். அநேகமாக, பிறகுதான் தெரியும்.

லூக்கா 24ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எம்மாவு என்ற கிராமம், எருசலேமிலிருந்து ஏழெட்டு மைல். நம் ஊர்க் கணக்கில், வேலூர் கோட்டையிலிருந்து நடந்தால் காட்பாடி ஜங்ஷனையும் தாண்டிவிடும். இயேசு மரித்துவிட்டாரென்று துக்கமுகத்தோடு அங்கே போன இரண்டு சீஷர்களோடு, உயிர்த்தெழுந்த இயேசுவே வந்து சேர்கிறார், வேதவாக்கியங்களை விளக்குகிறார், அவர்களுக்கு ஆள் தெரியவில்லை. அப்பத்தைப் பிட்டபோதுதான் கண் திறந்தது; உடனே மறைந்தும் போனார். அதற்கப்புறம்தான், வழியிலே நம் இருதயம் கொழுந்துவிட்டு எரியவில்லையா என்று கேட்டுக்கொள்கிறார்கள். எரிந்தது வழியில், கவனித்தது வீட்டில். பெத்தேலில் யாக்கோபும் விழித்த பிறகுதானே, "கர்த்தர் இந்த ஸ்தலத்தில் இருக்கிறார், இதை நான் அறியாதிருந்தேன்" என்கிறான்.

நம் ஊரில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையாரையும் நினைத்துப் பாருங்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர், பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்கு உதவி கேட்டு வந்து கதவைத் தட்டினார்கள். அப்போது அவர் மருத்துவம் படிக்கவில்லை, அப்பாதான் மருத்துவர்; ஆண் மருத்துவர் வேண்டாம் என்று திரும்பிப் போனார்கள். மூன்று பெண்களும் இறந்துபோன செய்தி வந்த பிறகுதான், அந்தத் தட்டலில் தனக்கொரு அழைப்பு இருந்ததென்று அவர் கண்டார்.

ஆகவே இரவில், கழிந்த பகலைத் திரும்பிப் பார்க்க நேரம் ஒதுக்க வேண்டும். 16ஆம் நூற்றாண்டில் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் இதற்கு ஐந்து படி வகுத்தார். கத்தோலிக்க வழக்கமாயிற்றே என்று சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) நேயர்கள் ஒதுக்க வேண்டாம். முதலில் நன்றி, அடுத்து வெளிச்சம் கேட்டு ஜெபம், பிறகு விழித்தது முதல் மணி மணியாகப் பகலைப் பார்ப்பது, மன்னிப்பு, கடைசியில் நாளைக்கான தீர்மானம். வரிசையை மாற்றாதீர்கள், பாவத்தில் தொடங்கினால் போலீஸ் விசாரணை மாதிரி ஆகிவிடும், நாலு நாளில் விட்டுவிடுவீர்கள்.

பத்துப் பதினைந்து நிமிடம் போதும். படுக்கையில் வேண்டாம், தூக்கம் வந்துவிடும். நாற்காலியில் உட்காருங்கள், போன் அடுத்த அறையில் இருக்கட்டும். "எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம்" என்று ஒரே வரியில் முடித்தால் ஒன்றும் புலப்படாது. பாகாயம் பஸ்ஸில் ஒரு பெரியவர் நகர்ந்து இடம் கொடுத்தார், அப்போது மனம் இளகியது; பதினொரு மணிக்கு மேலதிகாரி சொன்ன சொல்லில் இறுகியது. இப்படி நேரமும் இடமுமாக எடுங்கள்.

பெரிய தவறு எதுவென்றால், சீட் கிடைத்தது, கரண்ட் வந்தது என்று வசதிகளை மட்டும் எண்ணுவது. எம்மாவு வழியில் அவர் வந்து சேர்ந்தது துக்கத்தில். இறுகின அந்தப் பதினொரு மணியிலும் கொஞ்சம் நில்லுங்கள். யார் உங்களிடம் மெதுவாகப் பேசினார், பதிலுக்குக் கத்தாமல் உங்களைத் தடுத்தது எது என்று கேளுங்கள். சில இரவுகளில் ஒன்றுமே அகப்படாது. அதையும் அப்படியே அவரிடம் சொல்லிவிட்டு எழுந்திருங்கள்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரம் முடிகிறதென்று கை காட்டுகிறார்கள். குடும்பமாகச் செய்வதைப் பற்றி நிறைய சொல்ல இருந்தேன். சுருக்கமாக: பிள்ளைகளிடம் பாவக்கணக்கு கேட்காதீர்கள். இன்றைக்கு எது சந்தோஷம், எது கஷ்டம் என்ற இரண்டு கேள்வி, ஐந்து நிமிடம். பெரியவர்கள் முதலில் பதில் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.