கல்லூரியில் புலி, என்எஃப்எல்லில் ஏன் இப்படி?

வணக்கம் மக்களே. இன்றைக்கு அமெரிக்கன் ஃபுட்பால். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மோதுகிற ஆட்டம்தான்.

கல்லூரியில் கொடிகட்டிப் பறந்த குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர், என்எஃப்எல் என்கிற தொழில்முறை லீகுக்குப் போனதும் ஏன் காணாமல் போகிறார்? "பணம் வந்துவிட்டது, உழைப்பு போய்விட்டது" என்பார்கள். ஒருசிலர் விஷயத்தில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் எரிக் கிரவுச் கதை வேறு. 2001-ல் நெப்ராஸ்காவுக்கு ஆடி, கல்லூரி ஆட்டத்தின் மிகப்பெரிய விருதான ஹெய்ஸ்மேனை வாங்கியவர். அடுத்த ஆண்டு என்எஃப்எல்லின் ராம்ஸ் அணி அவரை எடுத்தது, ஆனால் குவாட்டர்பேக்காக இல்லை, பந்து பிடிக்கும் ரிசீவராக! ஒரு என்எஃப்எல் லீக் ஆட்டத்தில்கூட அவர் இறங்கவில்லை. பந்தை எடுத்துக்கொண்டு தானே ஓடுகிற அவருடைய பாணிக்கு அங்கே அப்போது இடமே இல்லை.

மைதானத்தின் நடுவில் இரண்டு வரிசையாகச் சின்னக் கோடுகள் இருக்குமே, ஹாஷ் மார்க், அதைக் கவனித்திருக்கிறீர்களா? பந்து ஓரமாகப் போய் நின்றால், அடுத்த முயற்சியை அந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். கல்லூரியில் இரண்டு வரிசைக்கும் இடைவெளி 40 அடி. என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம்தான். மைதான அகலம் இரண்டிலும் 160 அடி. கணக்குப் போடுங்கள்: கல்லூரியில் கோட்டில் பந்து வைத்தால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. அந்த 100 அடிப் பக்கம் வேகமான பையன் ஓடினால் யார் பிடிப்பது? என்எஃப்எல்லில் அதே பக்கம் சுமார் 89 அடியாகச் சுருங்கிவிடும். துரத்தி வருபவர்களும் எல்லாருமே வேகக்காரர்கள். எனக்குத் தெரிந்து டிவியில் இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதே இல்லை.

அப்புறம் எறிவது. கல்லூரியில் ரிசீவர் ஆளில்லாமல் தனியாக நிற்பதைப் பார்த்துவிட்டு எறிந்தாலே போதும், பல நேரம். என்எஃப்எல்லில் அவர் திரும்புவதற்கு முன்பே பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். டிம் டீபோ மாட்டியது இங்கேதான். 2007-ல் ஹெய்ஸ்மேன் வாங்கியவர், ஆனால் கையைச் சுழற்றி எறிய நேரம் எடுக்கும். டென்வர் அணிக்காக 2011 சீசனில் அவர் எறிந்ததில் பாதிகூடச் சக வீரர் கையில் சேரவில்லை. ஆனாலும் மனுஷன் சீசன் முடிந்து நடக்கிற நாக்அவுட் சுற்றான பிளேஆஃபில் ஸ்டீலர்ஸ் அணிக்கு எதிராக, ஓவர்டைமின் முதல் முயற்சியிலேயே பந்தை எறிந்து 80 யார்டு டச்டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டி எடுக்கிற புள்ளி) அடித்து ஜெயித்தார்! அதை இப்போது பார்த்தாலும் புல்லரிக்கும். இரண்டரை மாதத்துக்குள் டென்வர் நட்சத்திர குவாட்டர்பேக் பெய்டன் மேனிங்கைக் கொண்டுவந்து, டீபோவை நியூயார்க் ஜெட்ஸுக்கு அனுப்பிவிட்டது.

இதையெல்லாம் தாண்டி எனக்குக் கோபம் வருவது, கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்ட் முறை மீதுதான். பொதுவாக, முந்தைய சீசனில் கடைசி இடம் பிடித்த அணிக்குத்தான் முதல் தேர்வு. அதாவது மிகச் சிறந்த பையன் மிக மோசமான அணிக்குப் போவான். டேவிட் கார் 2002-ன் முதல் தேர்வு. போய்ச் சேர்ந்தது அப்போதுதான் பிறந்த ஹூஸ்டன் டெக்சன்ஸ். முன்னால் நின்று காப்பாற்றச் சரியான ஆள் இல்லை. முதல் சீசனில் மட்டும் 76 முறை அவரைப் பிடித்துக் கீழே சாய்த்தார்கள், என்எஃப்எல் சாதனை அது. அவ்வளவு அடி வாங்கியவன் நின்று நிதானமாக எப்படி எறிவான், சொல்லுங்கள்?

சாம் டார்னல்டையும் பாருங்கள். 2018-ல் ஜெட்ஸ் மூன்றாவதாக எடுத்த ஆள். அங்கே சோபிக்கவில்லை, அத்தனை பேரும் கைகழுவினார்கள். 2024-ல் மினசோட்டா அணிக்குப் போனார். நல்ல பயிற்சியாளர், ஜஸ்டின் ஜெஃபர்சன் மாதிரி ரிசீவர். அணி 14 ஆட்டங்கள் ஜெயித்தது.

அதனால் டிராஃப்ட் அன்றைக்கு எல்லாரும் பையனின் ஹைலைட்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நானோ, அவனை எடுக்கிற அணியில் முன்னால் நின்று காப்பாற்றுகிற லைன்மேன்கள் யார் என்றுதான் முதலில் தேடுவேன். சரி, அடுத்த வீடியோவில் பந்தோடு ஓடுகிற ரன்னிங் பேக் பற்றிப் பேசலாம், அது தனிச் சோகம்.