இந்தப் பள்ளம் யாருடையது?

வணக்கம். இன்றைக்கு வீடியோ கொஞ்சம் நீளம். நாட்டில் என்ன கோளாறு, எப்படிச் சரிசெய்வது என்று நாம் எல்லோரும் பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன். போன ஒரு வருடத்தில் அந்தப் பேச்சு எனக்குள் எப்படி மாறியது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

போன ஆவணியில் சித்தப்பா மகள் கல்யாணம். மண்டபத்திலிருந்து எங்கள் ஊருக்கு ஒன்றரை மணி நேரம். வேனில் பதினெட்டுப் பேர். கிளம்பிய பத்தாவது நிமிடத்தில் நாட்டைப் பற்றிய பேச்சு ஆரம்பித்துவிட்டது. லஞ்சம்தான் எல்லாவற்றுக்கும் காரணம், பத்துப் பேரைத் தூக்கில் போட்டால் மற்றவன் பயப்படுவான் என்றார் மச்சான். நமக்கு ஜனநாயகமே ஒத்துவராது, கண்டிப்பான ஒரே ஆள் வேண்டும் என்றார் மாமா. வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியப்பா உத்திரமேரூர்க் கல்வெட்டுக்குப் போய்விட்டார். ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னால், முதலாம் பராந்தகன் காலத்திலேயே, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு ஆளை எடுக்கும் குடவோலை முறை இருந்தது, வாரியம் என்ற ஊர்க் குழுவில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது, அவனுடைய சொந்தக்காரனும் நிற்க முடியாது, அப்படி இருந்த நாடு இது என்றார். நானும் சும்மா இருக்கவில்லை. கல்வி சரியில்லை, ஓட்டுக்குப் பணம் வாங்குகிறோம் என்று என் பங்குக்குக் குரலை உயர்த்திப் பேசினேன்.

வேன் எங்கள் தெருமுனைக்கு வந்து நின்றது. குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் குறுக்கே கிடந்தது. குழாயைப் போட்டுவிட்டு மண்ணை மேலாகத் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். முந்தின நாள் மழையில் அது உள்வாங்கி, முழங்கால் ஆழத்துக்குச் சேறு. இதுக்கு மேல போகாதுண்ணே என்று டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார். எல்லோரும் இறங்கினோம். பெண்கள் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டார்கள். பெரியம்மாவை இரண்டு பேர் கைத்தாங்கலாக அழைத்துப் போனோம். மண்டபத்தில் மிஞ்சிய சாம்பார் அண்டாவை மச்சானும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். அப்போது ஒருவர்கூட அந்தப் பள்ளத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் டெல்லி வரைக்கும் பேசியவர்கள், காலடியில் கிடந்த பள்ளத்தை மழை வெயில் மாதிரி எடுத்துக்கொண்டு தாண்டிப் போனோம்.

அன்று ராத்திரி மச்சானிடம் கேட்டேன், இந்த ரோடு யாருடையது என்று. கவர்மெண்ட் ரோடு என்றார். கவர்மெண்டில் யாருடையது? அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. நாற்பது வருடமாக நடக்கிற ரோடு.

தெரிந்துகொள்ள அலைந்தபோதுதான் புரிந்தது, ரோடு என்று ஒரே பொருள் கிடையாது. தேசிய நெடுஞ்சாலை ஒரு கை. மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதர சாலை எல்லாம் மாநில நெடுஞ்சாலைத் துறை. அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியச் சாலை. அதற்கும் கீழே கிராம ஊராட்சிச் சாலை. எங்கள் தெரு கடைசி வகை. தோண்டியது ஒரு ஒப்பந்ததாரர். அவருக்கு வேலை கொடுத்தது ஓர் அலுவலகம், அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டியது இன்னோர் அலுவலகம். பள்ளம் ஒன்று, அதற்கு மேசை நான்கு. எந்த மேசை என்று தெரியாதவரைக்கும் நாம் பேசுவது காற்றோடு போகிறது. "நாடு சரியில்லை" என்று நான் சொன்னால் அதனால் எந்த மேசையிலும் ஒருவருக்கும் சங்கடம் வராது. இந்த 210 மீட்டர் பள்ளத்தை மூடவேண்டியது நீங்கள்தான் என்று ஒரு மேசை முன்னால் நின்று சொன்னால், அங்கே இருப்பவர் பதில் சொல்லியாக வேண்டும்.

சரி, நான் செய்த முதல் வேலை எல்லோரும் செய்வதுதான். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். மனு மேலிருந்து கீழே இறங்கி, சுற்றி வந்து, இரண்டு மாதம் கழித்து ஒரு தபால் வந்தது. "தங்கள் மனு தொடர்புடைய அலுவலருக்கு அனுப்பிவைக்கப்பட்டுள்ளது." யார் அந்தத் தொடர்புடைய அலுவலர்? தபாலில் இல்லை.

பிறகு ஒரு நண்பர் சொல்லித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதினேன். ஒரு வெள்ளைத் தாள், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, நான்கு கேள்வி. ஏன் மூடவில்லை என்று கேட்காதீர்கள் என்று நண்பர் அடித்துச் சொன்னார். ஏன் என்று கேட்டால் விளக்கம் தரத் தேவையில்லை என்று தள்ளிவிடலாம். ஆவணத்தைக் கேள். வேலையின் மதிப்பீட்டு நகல், பணி உத்தரவு நகல், செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தின் நகல், பட்டியல் (பில்) தொகை எந்தத் தேதியில் எவ்வளவு கொடுக்கப்பட்டது. முப்பது நாளில் பதில் வரவேண்டும். கோப்பு இந்த அலுவலகத்தில் இல்லை என்று பதில் வந்தது. முதல் மேல்முறையீடு போட்டேன். பங்குனியில் ஒரு பழுப்பு உறை வந்தது.

இதோ, கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். பெயர்களை மறைத்திருக்கிறேன். இது அளவுப் புத்தகத்தின் ஒரு பக்கம், எம்-புக் என்பார்கள். முதல் வரி மண் தோண்டுதல். இரண்டாவது குழாய் பதித்தல். மூன்றாவது வரியைப் பாருங்கள். சாலையைப் பழைய நிலைக்குக் கொண்டுவருதல், நீளம் 210 மீட்டர். பக்கத்தில் டிக். கீழே கையெழுத்து, தேதி. அந்தத் தேதி எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒன்பது நாள் முந்தியது. நாங்கள் அண்டாவைத் தூக்கிக்கொண்டு இறங்கிய அந்தச் சேறு, காகிதத்தில் ஒன்பது நாளுக்கு முன்பே நல்ல ரோடாகிவிட்டது.

எனக்குக் கை நடுங்கியது. கோபம் மட்டும் இல்லை. வேனில் லஞ்சம் லஞ்சம் என்று பேசியபோது அது எனக்கு ஒரு பெரிய புகைமூட்டமாகத்தான் தெரிந்தது. இங்கே அது ஒரு வரி, ஒரு டிக். ஒரு வரியைத் திருத்தச் சொல்லி ஒரு மனிதனால் கேட்க முடியும்.

இந்தத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று பலருக்குத் தெரியாது. ராஜஸ்தானில் கூலி வேலை செய்தவர்கள் கேட்டு வாங்கியது. மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு, அருணா ராய் அதில் ஒருவர். வேலைக்கே வராதவர்கள் பெயர் மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் இருந்ததை 1994 முதல் ஊர் நடுவில் மைக் வைத்து வாசித்தார்கள். 1996-இல் பியாவர் நகரத்தில் நாற்பது நாள் உட்கார்ந்தார்கள். எங்கள் பணம், எங்கள் கணக்கு என்பதுதான் கோஷம். 2005-இல் நாடு முழுக்கச் சட்டமானது. தமிழ்நாட்டில் 1997-லேயே மாநிலச் சட்டம் ஒன்று வந்தது, ஆனால் அதில் விலக்குகள் அதிகம். நாட்டை எப்படித் திருத்துவது என்று யாராவது கேட்டால் எனக்கு இப்போது அந்த மைக்தான் நினைவுக்கு வருகிறது.

எங்களுக்கும் ஒரு மைக் இருந்தது. மே 1 கிராம சபை. 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்தது. கிராம சபை அதனால் அரசியலமைப்பிலேயே இடம்பெற்ற ஒன்று. வாக்காளர் பட்டியலில் இருக்கிற எல்லோரும் அதில் உறுப்பினர். குடிநீர், சாலை, பள்ளி, நூலகம் என்று 29 துறைகள் பதினோராவது அட்டவணையில் இருக்கின்றன. ஆனால் அவற்றை ஊராட்சிக்கு மாநிலங்கள் வழங்கலாம் என்றுதான் எழுதியிருக்கிறது, வழங்கியே ஆகவேண்டும் என்று இல்லை. அந்த "லாம்" என்ற இரண்டெழுத்தில்தான் நிறைய நின்றுபோய்விட்டது. ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்தவேண்டும் என்பது கட்டாயம்தான். அப்படியிருந்தும் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நம் ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பர் வரை தேர்தல் இல்லை. 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இடத்துக்கு மறுபடியும் தனி அலுவலர்கள் என்ற அரசு அதிகாரிகள் வந்தார்கள். சட்டமன்றத் தேர்தல் மூன்று வருடம் தள்ளிப்போனால் நாம் சும்மா இருப்போமா? இது தள்ளிப்போனது பலருக்கு நினைவுகூட இல்லை. இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

மே 1 அன்று பள்ளிக்கூட மரத்தடியில் கூட்டம். எங்கள் ஊரின் மக்கள்தொகைக்குக் குறைந்தது 100 பேர் வேண்டும். வந்தவர்களில் முக்கால்வாசி நூறு நாள் வேலைப் பெண்கள். வேன் கோஷ்டியில் பெரியப்பா மட்டும் வந்தார். நான் அந்தப் பக்கத்தை மைக்கில் வாசித்தேன். மூன்றாவது வரியை இரண்டு முறை வாசித்தேன். பெண்கள் பக்கம் சலசலப்பு. பொறியாளர் அலுவலகத்திலிருந்து வந்தவர் பத்து நாளில் சரிசெய்வதாகச் சொன்னார். தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள் என்றேன். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டோம். இது முக்கியம். வெற்றுப் பக்கத்தில் முதலில் கையெழுத்து வாங்கிவிட்டுப் பிறகு நிரப்புவது நம் ஊர்களில் சாதாரணமாக நடக்கிறது.

நான் ஜெயித்த மாதிரி உட்காரப் போனேன். அப்போது காலனியிலிருந்து வந்திருந்த ஓர் அக்கா எழுந்தார். நூறு நாள் வேலை உடுப்பு, தோளில் துண்டு.

"தம்பி, நீ வாசிச்சது நல்லா இருந்துச்சு. உன் தெருவுல பள்ளம் வந்து எட்டு மாசம். எங்க சுடுகாட்டுக்குப் பாதையே இல்ல, எனக்குக் கல்யாணம் ஆகி வந்ததுல இருந்து. வயலுக்குள்ள இறங்கித்தான் பொணத்தத் தூக்கிட்டுப் போறோம். நெல்லு நட்டிருந்தா வரப்புல. அதுக்கு எந்தத் தாள்ல எழுதிக் கேக்கணும்?"

எனக்கு அந்தப் பாதை இல்லாதது தெரியாது. எங்கள் வீட்டிலிருந்து முக்கால் கிலோமீட்டர்.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைப் பற்றிச் சொன்னது கடுமையானது. அறியாமையின் குகை, குறுகிய புத்தியின், வகுப்புவாதத்தின் இருப்பிடம் என்றார். படித்தபோது இவ்வளவு கடுமை எதற்கு என்று நினைத்திருக்கிறேன். மரத்தடியில் அந்த அக்காவின் கேள்வி என் காதில் விழுந்தபோது அம்பேத்கர் யாருடைய இடத்தில் நின்று பேசினார் என்று விளங்கியது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் நமக்குத் தெரிந்த பெயர்கள்தான். தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காக 1996-லிருந்து பத்து வருடம் அங்கே முறையாகத் தேர்தல் நடக்கவிடவில்லை. மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் இருந்தவர்களையும் 1997-இல் வெட்டிக் கொன்றார்கள். இதில் டெல்லி எங்கே வந்தது? எல்லாம் ஊருக்குள்ளேயே நடந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது பெரியப்பா பேசாமல் வந்தார். பிறகு அவரே சொன்னார், உத்திரமேரூர்க் கல்வெட்டில் இன்னொரு விதியும் இருக்கிறது. குடத்தில் பெயர் போடக் கால்வேலி நிலம் வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். வேனில் அதை நான் சொல்லவில்லை என்றார்.

கிராம சபையால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அதிகாரம் கீழே வந்தால் அது யார் கைக்கு வருகிறது என்பது தனிச் சண்டை. ஆனால் அந்த அக்கா அந்தக் கேள்வியைக் கேட்க வேறு எங்கே போவார்? சட்டமன்றத்தில் அவருக்கு மைக் இல்லை. டிவி விவாதத்தில் இல்லை. மரத்தடியில் இருந்தது. அவர் கேட்டது தீர்மானப் புத்தகத்தில் என் தீர்மானத்துக்கு அடுத்த எண்ணில் இருக்கிறது. அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம், அதையும் எழுதி வாசிக்கும்வரை எழுந்து போகமாட்டேன் என்று உட்கார்ந்ததுதான்.

பள்ளத்தை மூடிவிட்டார்கள். பத்து நாள் என்றது ஏழு வாரம் ஆனது. கான்கிரீட் போட்டிருக்கிறார்கள், இரண்டு இடத்தில் விரிசல், படம் எடுத்து வைத்திருக்கிறேன். பாதை விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. வட்டாட்சியர் அலுவலகத்தில் புல வரைபடம் வாங்கிப் பார்த்தோம். பழைய வரைபடத்தில் வண்டிப்பாதை என்று ஒரு கோடு இருக்கிறது. அகலமும் போட்டிருக்கிறது. நிலத்தில் இப்போது அந்தக் கோட்டின் மேல் வாழை நிற்கிறது. வாழை வைத்தவர் எனக்குத் தூரத்துச் சொந்தம். இரண்டு முறை வீட்டுக்கு வந்து பேசினார், இரண்டாவது முறை குரலை உயர்த்தினார். அம்மா பயப்படுகிறார். மச்சான் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

அளந்து கல் நட வியாழக்கிழமை காலை சர்வேயர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா காலனியிலிருந்து ஆட்களோடு வருகிறார். பெரியப்பாவும் வரட்டுமா என்று கேட்டார், வாருங்கள் என்றேன். கேமராவை எடுத்துப் போகிறேன். அடுத்த வீடியோ அங்கிருந்து.