லாப்லாந்து: ஆளில்லாத நிலம் என்று யார் சொன்னது?

[காட்சி: மேலிருந்து பார்க்கும் வெண்பனி வெளி]

வணக்கம். வேலி இல்லை, வரப்பு இல்லை, கண்ணுக்கு எட்டியவரை ஒரு வீடு இல்லை. சுற்றுலா விளம்பரங்களில் இந்த இடத்தை மனிதன் தொடாத வனாந்தரம் என்பார்கள். ஆனால் இங்கே எந்த மேய்ச்சல் நிலம் யாருடையது, எந்தப் பருவத்தில் மந்தை எந்த வழியாகப் போகும் என்பதெல்லாம் தலைமுறைகளாக முடிவான சங்கதி. வெளியுலகம் லாப்லாந்து என்று அழைக்கும் இது, வட ஐரோப்பாவின் பூர்வகுடிகளான சாமி மக்களின் நிலம். அவர்கள் இதை சாப்மி என்கிறார்கள். நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ரஷ்யாவின் கோலா தீபகற்பம் என நான்கு நாடுகளில் பரந்து கிடக்கிறது.

[காட்சி: குளம்பால் பனியைத் தோண்டும் ரெயின்டீர்]

இதுதான் ரெயின்டீர், துருவ மான். மான் இனங்களில் பெண்ணுக்கும் கொம்பு முளைப்பது இதற்கு மட்டும்தான். கோடையில் பொன்னிறமாக இருக்கும் இதன் கண்ணின் உட்படலம், குளிர்கால இருட்டில் நீலமாகிவிடும். பனிக்கு அடியில் தரையோடு படர்ந்திருக்கும், பாசி போலத் தெரியும் லைக்கனை மோப்பம் பிடித்துத் தோண்டித் தின்னும்.

கோடையில் குட்டிகளின் காதில் கத்தியால் வெட்டி அடையாளம் போடுவார்கள். ஒவ்வொரு உரிமையாளருக்கும் தனி வெட்டு. ஆயிரம் மான் ஓடும் பட்டிக்குள்ளும் தன் மானைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் ஒரு விஷயம்: அங்கே போனால் "உங்களிடம் எத்தனை மான்?" என்று கேட்டுவிடாதீர்கள். பேங்கில் எவ்வளவு பணம் என்று கேட்பதற்குச் சமம். எல்லாச் சாமிகளும் மான் வளர்ப்பவர்கள் இல்லை. கடலோரச் சாமிகள் மீன்பிடித்து வாழ்ந்தவர்கள். இன்று பெரும்பாலோர் மற்றவர்களைப் போல வேறு வேலைகளில் இருக்கிறார்கள்.

[காட்சி: பழைய எல்லை வரைபடம்]

மானுக்கு எல்லைக்கோடு தெரியாது. 1751-ல் நார்வே, ஸ்வீடன் எல்லையை வகுத்தபோது, மந்தையோடு எல்லை தாண்டும் சாமிகளின் உரிமையை ஒப்பந்தத்தின் இணைப்பிலேயே எழுதி வைத்தார்கள். அந்தக் காலத்துக்கு இது பெரிய விவேகம்தான். நூறு ஆண்டு கழித்து, 1852-ல், நார்வேக்கும் ரஷ்யாவின் ஆட்சியில் இருந்த பின்லாந்துக்கும் நடுவே எல்லை மூடப்பட்டது. பல குடும்பங்களின் மேய்ச்சல் பாதை நடுவில் அறுந்தது.

[காட்சி: சாமி மேளம்]

சாமிகளின் சமயச் சடங்குகளில் ஒலித்த மேளத்துக்கும் சோதனை வந்தது. 1691-ல் ஆண்டர்ஸ் பால்சன் என்ற சாமி முதியவரின் மேளத்தைப் பறிமுதல் செய்து, சூனியக்காரர் என்று வழக்குப் போட்டார்கள். தீர்ப்பு வரும் முன்பே காவலில் அவர் கொல்லப்பட்டார். மேளம் டென்மார்க்கின் அரச சேகரிப்புக்குப் போனது. அதன் உரிமை சாமிகளின் கைக்கு வந்தது 2022-ல்தான். பிற்காலத்தில் மொழிக்கும் அதே கதி. பள்ளியில் தாய்மொழி பேச முடியாமல் வளர்ந்த தலைமுறைகள் உண்டு.

[காட்சி: ஆல்டா ஆறு]

திருப்பம் நடந்தது இங்கே. நார்வே அரசு இந்த ஆற்றில் மின்சாரத்துக்காக அணை கட்டத் திட்டமிட்டது. முதல் திட்டப்படி மாசே என்ற சாமி கிராமமே மூழ்கியிருக்கும். அதைக் கைவிட்டுத் திட்டத்தைச் சுருக்கினாலும் எதிர்ப்பு அடங்கவில்லை. 1979-ல் ஆஸ்லோவில் நாடாளுமன்றத்துக்கு எதிரே கூடாரம் போட்டு இளைஞர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். 1981-ல் கட்டுமான இடத்தில் சங்கிலியால் தங்களைப் பிணைத்துக்கொண்டவர்களை அகற்ற சுமார் 600 போலீஸார் வந்தார்கள். அணை கட்டி முடிக்கப்பட்டது. சரி, போராட்டம் தோற்றதா? அணையை வைத்துப் பார்த்தால் ஆமாம். ஆனால் சாமிகளைக் கேட்காமல் வடக்கில் எதுவும் செய்ய முடியாது என்ற நிலை அங்கிருந்துதான் தொடங்கியது. 1989-ல் நார்வேயில் சாமி நாடாளுமன்றம் திறக்கப்பட்டது.

[காட்சி: பனிமேல் உறைந்த ஐஸ் படலம்]

இப்போது வேறு தொல்லை. நடுக்குளிர்காலத்தில் மழை பெய்கிறது. அது பனியின்மேல் கெட்டி ஐஸாக உறைந்தால் மானின் குளம்பு இறங்காது. லைக்கன் ஓரடி கீழே இருந்தும் மந்தை பட்டினி கிடக்கும். காசு கொடுத்துத் தீவனம் வாங்கிக் கொண்டுபோய்ப் போட வேண்டியிருக்கிறது.

அந்தப் பருவநிலை மாற்றத்தைத் தடுக்கவே வந்த காற்றாலைகளும் மேய்ச்சல் நிலத்தில்தான் நிற்கின்றன. நார்வேயின் ஃபோசன் பகுதியில் அவை சாமிகளின் பண்பாட்டு உரிமையை மீறுகின்றன என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆனாலும் காற்றாலைகளை அகற்றவில்லை. 2023-ல் சாமி இளைஞர்கள் ஆஸ்லோவில் அமைச்சக வாசல்களை மறித்த பிறகுதான் பேச்சுவார்த்தை வேகம் பிடித்தது. கடைசியில் இழப்பீடும் மாற்று மேய்ச்சல் நிலமும் தருவதாக உடன்பாடு. காற்றாலைகள் அங்கேயே இருக்கும்.