ஜெயித்த பணம் யாருடைய பணம்?

நேயர்களுக்கு வணக்கம். சூதாட்டத்தைப் பற்றிச் சமயங்கள் என்ன சொல்கின்றன என்று பேசக் கூப்பிட்டார்கள். தோற்றவர்கள் கதை நமக்குத் தெரியும், கடன், சண்டை, அடகுக்கடை. நான் ஜெயித்தவரைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் இங்கே சிங்கப்பூரில் ஒரு கோயிலில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒருவர் வாய் நிறையச் சிரிப்போடு வந்து, "அண்ணே, ஃபோர் டி அடிச்சிருக்கு, அன்னதானத்துக்கு 501 வெள்ளி எழுதுங்க" என்றார். ஃபோர் டி என்பது நாலு இலக்க நம்பர் லாட்டரி, வெள்ளி என்றால் டாலர். எந்த நம்பர் என்று கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. எக்ஸ்பிரஸ்வேயில் மோதிக் கிடந்த ஒரு காரின் நம்பராம். காரில் இருந்தவர் என்ன ஆனார் என்று அவருக்குத் தெரியவில்லை. நானும் ரசீது எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் தேக்கா சந்தையில் தே தாரிக் டீ குடிக்கும்போது இதை என் பழைய நண்பரிடம் சொன்னேன். "உங்க பள்ளிவாசல்ல வாங்குவாங்களா பாய்?" அவர் சிரித்துவிட்டு ஒரு கதை சொன்னார். இஸ்லாத்துக்கு முந்தைய அரேபியாவில் ஒட்டகத்தை அறுத்துப் பங்கு போட்டு, அம்பு எடுத்துச் சூதாடுவார்களாம். தோற்றவர் ஒட்டகத்தின் விலையைக் கொடுக்க வேண்டும், ஜெயித்தவரோ இறைச்சியைத் தான் சாப்பிடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார், அதுதான் அவருக்குப் பெருமை. அந்த ஆட்டத்தின் பெயர்தான் மைசிர். குர்ஆனின் 2ஆம் அத்தியாயம் 219ஆம் வசனம் மதுவிலும் சூதிலும் மக்களுக்குச் சில பயன்கள் உண்டு என்று ஒப்புக்கொள்கிறது, ஆனால் அந்தப் பயனைவிடக் கேடு பெரிது என்கிறது. அந்தப் பயன்களில் ஏழைக்குப் போன இறைச்சியும் ஒன்று என்று உரைகாரர்கள் எழுதியிருக்கிறார்கள். அப்படியும் தடை விழுந்தது. என் 501 வெள்ளி ரசீதுக்கு இதைவிட நேரான பதில் கிடைக்காது.

வள்ளுவரும் இங்கேதான் கை வைக்கிறார். "வேண்டற்க வென்றிடினும் சூதினை", ஜெயித்தாலும் வேண்டாம் என்கிறார். ஜெயித்த பணம் மீன் விழுங்கிய தூண்டில் முள் மாதிரி என்று அடுத்த அடி. இரை கிடைத்ததாக மீன் நினைக்கிறது, அவ்வளவுதான். புத்தர் சிகாலன் என்ற இளைஞனுக்குச் சூதின் ஆறு தீமைகளைச் சொல்லும்போது முதலில் வைப்பது நஷ்டத்தை அல்ல, ஜெயித்தவன் பகையைச் சம்பாதிக்கிறான் என்பதைத்தான். கடைசித் தீமை, சூதாடிக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் மாப்பிள்ளை பார்க்கும்போது அதைத்தானே விசாரிக்கிறார்கள்!

எல்லாரும் ஒரே குரலில் பேசுவதாக நினைத்துவிட வேண்டாம். ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயிலிலிருந்து ஷார்ட் ஸ்திரீட் தமிழ் மெதடிஸ்ட் தேவாலயம் நடந்து போகிற தூரம்தான், ஆனால் இந்த விஷயத்தில் இரண்டு சபைகளுக்கும் ஒரே போதனை இல்லை. விளையாட்டு அதனளவில் அநீதி இல்லை, தனக்கும் தன்னை நம்பியிருப்பவர்களுக்கும் தேவையானதைப் பறிக்கும்போதுதான் தப்பு என்பது கத்தோலிக்க மறைக்கல்வி. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியோ, முடிந்தவரை சம்பாதி, ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் சொத்துக்குச் சேதம் வராமல் சம்பாதி என்று பிரசங்கித்தவர், சூதை அந்தச் சேதத்தில் சேர்த்தவர்.

எனக்கு வெஸ்லி சொல்வதுதான் பிடிபடுகிறது, காரணம் நான் கணக்குப் பார்க்கிறவன். ஃபோர் டியில் 0000 முதல் 9999 வரை எல்லா நம்பருக்கும் 'பிக்' என்ற பந்தய வகையில் ஒரு வெள்ளி கட்டினால் பத்தாயிரம் வெள்ளி ஆகிறது. முதல் பரிசு 2000, இரண்டாவது 1000, மூன்றாவது 490, அப்புறம் 250 வெள்ளியில் பத்து, 60 வெள்ளியில் பத்து. கூட்டினால் 6590 வெள்ளி, நூறு வெள்ளி போட்டால் அறுபத்தாறுகூடத் திரும்பாது. மீதி வரிக்கும் செலவுக்கும் நற்பணிகளுக்கும் போகிறது. கள்ளச் சூதை ஒழிக்கத்தான் 1968இல் சிங்கப்பூர் பூல்ஸ் என்ற அரசு லாட்டரி நிறுவனத்தைத் தொடங்கினார்கள் என்பதும் சரி, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த 6590 எங்கிருந்து வந்தது? நம்பர் அடிக்காத மற்றவர்களின் பாக்கெட்டிலிருந்து. தேக்கா காய்கறிக் கடைக்காரர் என்னிடம் லாபம் எடுக்கிறார், நான் முருங்கைக்காயோடு வீட்டுக்குப் போகிறேன், இரண்டு பேர் கையிலும் ஏதோ இருக்கிறது. "தீதின்றி வந்த பொருள்" என்று வள்ளுவர் சொன்னதை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். பங்குச் சந்தை என்ன கணக்கு என்று யாராவது கேட்பீர்கள், கம்பெனியைத் தெரிந்து வாங்கினால் வியாபாரம், காலையில் வாங்கி மதியம் பதறினால் அது ஃபோர் டிக்குத் தம்பி.

சரி, இவ்வளவு பேசுகிற நான் எப்படி? சீனப் புத்தாண்டுக்கு டோட்டோ என்ற இன்னொரு லாட்டரியின் ஹோங் பாவ் குலுக்கல் வரும், ஆபீஸில் ஆளுக்குப் பத்து வெள்ளி வசூல் பண்ணுவார்கள். நான் வேலையில் இருந்தவரை ஒரு வருஷம்கூட மாட்டேன் என்று சொன்னதில்லை. சூது பிடிக்கும் என்பதால் இல்லை, நான் மட்டும் கொடுக்காத வருஷம் பார்த்து அவர்களுக்கு அடித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான்.