டிரைக்கோடெர்மா போட்டும் மல்லாட்டை செத்ததா? என் கதையைக் கேளுங்கள்

வணக்கம் நண்பர்களே. திண்டிவனம் பக்கம், எங்கள் கொல்லையில், அதாவது வயலில், நின்றுதான் பேசுகிறேன். காற்று பலமாக அடிக்கிறது, குரல் சரியாகக் கேட்கவில்லை என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேமராவைக் கீழே இறக்குகிறேன், பாருங்கள். இந்த மல்லாட்டைச் செடி, அதாவது வேர்க்கடலைச் செடி, நேற்று வாடியது. தண்டு மண்ணைத் தொடுகிற இடத்தில் வெள்ளையாக நூல் நூலாகப் படர்ந்திருக்கிறதா? அதற்குள்ளே கடுகு மாதிரி பழுப்பு உருண்டைகள்? இதுதான் தண்டழுகல், ஸ்கிளிரோஷியம் என்ற பூசணத்தின் வேலை. அந்தக் கடுகுதான் வில்லங்கம். செடி செத்தாலும் அது மண்ணிலேயே வருடக்கணக்கில் கிடக்கும். அடுத்த பட்டம் எப்போது என்று பார்த்துக்கொண்டே கிடக்கும்.

இதற்குத்தான் டிரைக்கோடெர்மா விரிடி. இதுவும் பூசணம்தான், ஆனால் மற்றப் பூசணத்தைத் தின்கிற பூசணம். நோய்ப் பூசணத்தின் இழை மீது கொடி மாதிரி சுற்றிக்கொள்ளும். நொதிகளைச் சுரந்து அதன் சுவரைக் கரைக்கும், உள்ளே இருப்பதை உறிஞ்சிவிடும். வேரைச் சுற்றி வேகமாகப் பரவி இடத்தையும் பிடித்துக்கொள்ளும். இது புதுச் சரக்கு இல்லை. 1932-லேயே வெயின்ட்லிங் என்ற ஆய்வாளர் இந்தச் சண்டையைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்.

அப்படியென்றால் எனக்கு ஏன் வேலை செய்யவில்லை? மூன்று வருடத்துக்கு முன்னால் நான் செய்த கூத்தைக் கேளுங்கள். பாக்கெட்டை வாங்கி வந்து மோட்டார் கொட்டகையில் போட்டேன். தகரக் கூரை, சித்திரை வெயில், இரண்டு மாதம். விதைக்கிற அன்று, "ரெண்டு மருந்தும் சேர்ந்தா ரெட்டைக் காவல்" என்று கார்பன்டசிமையும் இதையும் ஒரே விதையில் கலந்தேன். கார்பன்டசிம் பூசணத்தைக் கொல்லத்தானே இருக்கிறது? நல்லது கெட்டது அதற்குத் தெரியுமா? வெயிலில் தப்பியதையும் அது முடித்துவிட்டது. கொல்லையில் திட்டுத் திட்டாகச் செடி போனது. நான் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பாக்கெட்டுக்குள் இருப்பது உயிர். யூரியா மூட்டை மாதிரி நினைக்கக் கூடாது. வாங்கும்போதே தயாரித்த தேதியைப் பாருங்கள், நான்கைந்து மாதம் தாண்டியது வேண்டாம். வீட்டில் நிழலான, குளுமையான இடத்தில் வையுங்கள்.

விதை நேர்த்திக்கு, அதாவது விதைக்கும் முன் பருப்பில் கலக்க, கிலோவுக்கு 4 கிராம். ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு என்றால் 200 கிராம், அவ்வளவுதான் செலவு. அழுத்தித் தேய்க்காதீர்கள், மல்லாட்டைப் பருப்பின் தோல் உரிந்தால் முளைப்பு போய்விடும். ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரமும் போடுகிறவர்கள் முதலில் டிரைக்கோடெர்மா, அப்புறம் ரைசோபியம். இரண்டும் ஒத்துப்போகும்.

ஆனால் எனக்கு நம்பிக்கை வந்தது விதை நேர்த்தியால் இல்லை, எருவால்தான். இங்கே வாருங்கள், வேப்ப மரத்தடியில் ஒரு குவியல் இருக்கிறது. நன்றாக மக்கிய தொழு எரு 90 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 10 கிலோ, டிரைக்கோடெர்மா ஒரு கிலோ. தண்ணீர் தெளித்துக் கலந்து, ஈரச் சாக்கால் மூடினேன். பிடித்தால் உருண்டை பிடிக்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. பச்சைச் சாணியில் மட்டும் கலக்காதீர்கள், அந்தச் சூடு தாங்காது. நடுவில் ஒரு தடவை கிளறி விட்டேன். இன்றோடு 15 நாள்.

இன்னொன்று. இந்த வாடிய செடிக்கு மேலே இதைக் கொட்டினால் பிழைக்குமா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். பிழைக்காது. வேரோடு, சுற்றியுள்ள மண்ணோடு எடுத்துக் கொல்லைக்கு வெளியே போட வேண்டியதுதான். இது வருமுன் காக்கிற வேலை.

சரி, சாக்கைத் தூக்குகிறேன்... ஆ, பார்த்தீர்களா? வெள்ளையாகப் படர்ந்து, அதன் மேலே பாசி மாதிரி பச்சை பூத்திருக்கிறது. பாக்கெட்டில் உயிர் இருந்தது என்பதற்கு இதுதான் சாட்சி. இந்தப் பச்சை வராமல் இருந்திருந்தால் வேறு பாக்கெட் தேடிப் போயிருப்பேன். பக்கத்துத் துண்டில் நாளைக்குக் கடைசி உழவு, மண்ணில் ஈரம் இருக்கிறது. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் இதைத் தூவப் போகிறேன். கூடையைத் தேடிவிட்டு வருகிறேன்.