எதிர்ப்பு 173, ஆதரவு 116, ஜெயித்தது யார்?

நேயர்களுக்கு வணக்கம். ஒரு கணக்கோடு தொடங்குகிறேன்.

2021 ஜூலை. ஸ்வீடன் நாடாளுமன்றத்தில் ஸ்டெஃபான் லோவேனைப் பிரதமராக ஏற்கலாமா என்று வாக்கெடுப்பு. ஆதரவு 116, எதிர்ப்பு 173, ஒதுங்கி நின்றவர்கள் 60. லோவேன் பிரதமரானார்.

கணக்கில் பிழை இல்லை. அங்கே மொத்தம் 349 பேர். அதில் 175 பேர் 'வேண்டாம்' என்றால்தான் தோல்வி. ஆதரவு எத்தனை என்று யாரும் கேட்பதில்லை. இத்தனைக்கும், ஜூனில் அதே அவைதான் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் அவரைத் தோற்கடித்திருந்தது. கவிழ்க்கக் கை கோத்தவர்களுக்கு அடுத்தவர் யார் என்பதில் ஒத்துப்போகவில்லை.

நாடாளுமன்ற முறையின் பெரிய தலைவலியே இதுதான் என்பேன். 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என ஒரே வாக்கில் கவிழ்ந்தது நினைவிருக்கும். கவிழ்த்தவர்களால் மாற்று அரசு அமைக்க முடியவில்லை. தேர்தல் வந்தது, வாஜ்பாயே திரும்பி வந்தார்.

ஜெர்மனி இதற்கு ஒரு பூட்டுப் போட்டு வைத்திருக்கிறது. ஹிட்லருக்கு முந்தைய வைமார் குடியரசுக் காலத்தில் பட்ட பாடு அப்படி. சான்சலரை, அதாவது அந்நாட்டு அரசின் தலைவரை, இறக்க வேண்டுமா, சரி, அடுத்தவரை அதே வாக்கெடுப்பிலேயே பெரும்பான்மையோடு தேர்ந்தெடுத்துக் காட்டுங்கள் என்கிறது அதன் அரசியல் சட்டம். 1972-இல் வில்லி பிராண்டை இறக்கப் பார்த்த ரெய்னர் பார்ட்செலுக்கு இரண்டு வாக்கு குறைந்தது. 1982-இல் ஹெல்முட் கோல் சாதித்தார். இந்த வழியில் சான்சலர் மாறியது அந்த ஒரு முறைதான். ஸ்பெயினிலும் இதே பூட்டு உண்டு. 2018-இல் பெத்ரோ சான்செஸ் அதைத் திறந்துதான் பிரதமரானார்.

ஆனால் எந்தப் பூட்டும் சொந்தக் கட்சிக்காரர்களைத் தடுக்காது. 1990 நவம்பரில் பிரிட்டன் பிரதமர் மார்கரெட் தாட்சருக்கு நடந்தது அதுதான். கட்சித் தலைமைக்கான போட்டியில் அவருக்கு 204 வாக்கு, மைக்கேல் ஹெசல்டைனுக்கு 152. வெற்றிதானே என்று தோன்றும். கட்சி விதி கேட்ட வித்தியாசத்துக்கு நான்கு வாக்கு குறைவு, அவ்வளவுதான். அமைச்சர்கள் ஒவ்வொருவராக வந்து, 'இனி தேறாது' என்று சொல்லிப் போனார்கள். 22-ஆம் தேதி காலை, விலகுவதாக அறிவித்தார். அன்றைக்கே அவையில் எதிர்க்கட்சியின் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வேறு இருந்தது. தாட்சர் எழுந்து பேசினார். தீர்மானம் தோற்றது.